பெயின்ட் அப்புறம்: வாடகை வீட்டைத் தயார் செய்ய ஒரு வழிகாட்டி

முதல் முறையாக வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் பெரும்பாலும் பெயின்டரைக் கூப்பிடுவதில்தான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அடித்து முடித்ததும் வீடு பளிச்சென்று இருந்தது, உடனே ஆளும் கிடைத்தது. மூன்றாவது வாரம் அந்த வீட்டு அம்மா போன் செய்தார். "தம்பி, கட்டில் ஒட்டியிருக்கிற சுவர்ல கை வச்சா ஈரமா இருக்கு. துணியெல்லாம் ஒரு மாதிரி வாடை அடிக்குது."

போய்ப் பார்த்தேன். முழங்கால் உயரம் வரை பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒன்றை விரலால் தொட்டதும் தோல் மாதிரி உரிந்து வந்தது. அடியில் சுவர் கறுத்துப்போயிருந்தது. அந்தச் சுவரின் மறுபக்கம் குளியலறை. உள்ளே ஒரு குழாய் இணைப்பு பல மாதமாகக் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. சுவரை உடைத்து, குழாயை மாற்றி, காயவைத்து, மறுபடி பூசி முடிக்கும் வரை அவர்கள் கட்டிலைக் கூடத்தில் இழுத்துப் போட்டுப் படுத்தார்கள். பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் நான் பார்த்திருக்க வேண்டிய விஷயம் அது.

அன்றிலிருந்து நான் மாற்றாமல் வைத்திருக்கும் வரிசை இதுதான்: முதலில் தண்ணீர், பிறகு கரண்ட், கேஸ், சுவர், பூட்டு, பூச்சி. இவ்வளவும் முடிந்த பிறகே பெயின்ட். அதற்குப் பின்னால் சுத்தம். இந்த வரிசை தலைகீழானால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டியிருக்கும்.

காலி வீட்டில் ஒரு ராத்திரி

பழைய குடித்தனக்காரர் காலி செய்து போனதும், எந்த வேலையாளையும் கூப்பிடும் முன்பு, ஒரு பாயும் நோட்டும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டில் ஒரு ராத்திரி தங்குங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

பகலில் பத்து நிமிடம் சுற்றி வந்தால் வீடு நன்றாகத்தான் தெரியும். ராத்திரிதான் அது பேச ஆரம்பிக்கும். பிளஷ் டேங்க் யாரும் தொடாமலே அரை மணிக்கு ஒருமுறை தானாக நிரம்பும் சத்தம் கேட்கும். ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் இடுக்கு இருப்பது கொசு வந்த பிறகுதான் தெரியும். படுத்த இடத்திலிருந்து போனை சார்ஜ் போட பிளக் எட்டுகிறதா, இருட்டில் குளியலறை சுவிட்ச் கைக்குக் கிடைக்கிறதா என்றெல்லாம் பாருங்கள். காலையில் அக்கம்பக்கத்தில் எல்லாரும் தண்ணீர் திறக்கும் நேரத்தில் குளித்துப் பாருங்கள்; குழாயின் உண்மையான வேகம் அப்போதுதான் தெரியும்.

கண்ணில் பட்டதையெல்லாம் நோட்டில் எழுதி மூன்றாகப் பிரியுங்கள்: ஆபத்தானவை, தொந்தரவானவை, பார்க்க நன்றாக இல்லாதவை. காசும் நேரமும் குறைவாக இருந்தால் மூன்றாவதை விட்டுவிடலாம். முதலாவதில் ஒன்றுகூடப் பாக்கி இருக்கும்போது சாவி கைமாறக் கூடாது.

தண்ணீர்

எல்லாக் குழாயையும் இறுக மூடிவிட்டு மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் யாரும் தண்ணீரைத் தொடக் கூடாது. பிறகு வந்து பார்க்கும்போது எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. மாடியில் தொட்டி இருக்கிற வீடு என்றால் ராத்திரி மோட்டாரையும் தொட்டிக்கு வரும் வால்வையும் நிறுத்திவிட்டு, தொட்டிக்குள் தண்ணீர் மட்டத்தை அளந்து எழுதி வையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் அதே முடிவுதான். சுவரை உடைக்காமல் உள்ளே இருக்கும் கசிவைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. அன்று இதைச் செய்திருந்தால் அந்தக் குளியலறைக் குழாய் அப்போதே மாட்டியிருக்கும்.

பிளஷ் டேங்குக்குத் தனிச் சோதனை உண்டு. மூடியைத் திறந்து தண்ணீரில் கொஞ்சம் சொட்டு நீலமோ வேறு கலர் பொடியோ கலந்துவிட்டு, அரை மணி நேரம் பிளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பைக்குள் நிறம் இறங்கியிருந்தால் அடியில் இருக்கும் ரப்பர் சரியாக மூடவில்லை. அதை மாற்றுவது சின்ன வேலை, உடனே மாற்றிவிடுங்கள். சொட்டும் குழாயும் அப்படித்தான். ஒரு சொட்டு கால் மில்லி என்று வைத்துக்கொண்டாலும், வினாடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு நாளைக்கு 20 லிட்டருக்கு மேல் போகிறது. அந்தத் தண்ணீருக்கான பணத்தைக் குடியிருப்பவர் கட்டுவார், அல்லது நீங்கள் கட்டுவீர்கள்.

வீடு சில வாரம் பூட்டிக் கிடந்தால் திறந்ததும் சாக்கடை வாடை அடிக்கும். பலர் குழாய் அடைத்துவிட்டது என்று பதறுவார்கள். பெரும்பாலும் அடைப்பு இருக்காது. சிங்க், வாஷ்பேசின், தரை வடிகால் ஒவ்வொன்றின் அடியிலும் குழாய் வளைந்து கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாக்கடைக் காற்றும் கரப்பானும் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். புழங்காமல் கிடந்தால் அது வற்றிவிடும். ஒவ்வொன்றிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள், வாடை போய்விடும். போகாவிட்டால் ப்ளம்பரைக் கூப்பிடுங்கள்.

குழாய்களுக்குள்ளும் கீசருக்குள்ளும் வாரக்கணக்கில் நின்ற தண்ணீரைச் சில நிமிடம் திறந்துவிட்டு வெளியேற்றுங்கள். 20 டிகிரியிலிருந்து 45 டிகிரி வரை வெதுவெதுப்பாக நிற்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகும். அது கலந்த நீர்த்துளியைச் சுவாசித்தால் நுரையீரலைத் தாக்கும். தொட்டி கீசரை 60 டிகிரியில் வைக்கச் சொல்வது இதனால்தான். ஆனால் 60 டிகிரி தண்ணீர் சில வினாடியில் தோலைப் பொசுக்கிவிடும். பச்சைத் தண்ணீரோடு கலந்து வரும் குழாயாகப் போடுங்கள், குழந்தையோ வயதானவரோ இருக்கும் குடும்பம் வந்தால் வாயாலும் சொல்லிவிடுங்கள். கீசரில் அழுத்தத்தை வெளியேற்றும் சிறிய வால்வு ஒன்று இருக்கும். அதிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று யாராவது அதன் வாயை அடைத்து வைத்திருந்தால் உடனே எடுத்துவிட்டு வால்வைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அடைத்த வால்வுள்ள கீசர் வெடிக்கக்கூடும்.

கடைசியாக வீட்டின் மெயின் வால்வு. பல வருடம் தொடாமல் இறுகிப்போயிருக்கும். திருப்பிப் பாருங்கள், திரும்பாவிட்டால் மாற்றுங்கள். நடு ராத்திரி குழாய் உடையும்போது வீட்டைக் காப்பாற்றுவது அது ஒன்றுதான்.

கரண்ட்

இங்கே நீங்களே செய்யக்கூடியது குறைவு. உரிமம் பெற்ற எலெக்ட்ரீசியனை வைத்து முழு வீட்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். ஆனால் எதைச் சோதிக்கச் சொல்ல வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மீட்டர் பக்கத்து மின் பெட்டியில் இருக்கும் எம்சிபி, அதாவது தானாகக் கீழே விழுந்து கரண்டை நிறுத்தும் சுவிட்ச், சுமை கூடினாலும் ஒயர்கள் ஒட்டிக்கொண்டாலும் கரண்டை நிறுத்தும். அது காப்பாற்றுவது ஒயரை. ஆளுக்கு ஷாக் அடிக்கும் அளவு மின்சாரம் அதற்குப் பொருட்டே இல்லை. மனிதரைக் காப்பாற்றுவதற்கு இருப்பது ஆர்சிசிபி. 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே அது கரண்டைத் துண்டித்துவிடும். உங்கள் பெட்டியில் அது இல்லையென்றால், பெயின்டுக்கு ஒதுக்கிய பணத்தை எடுத்து முதலில் அதைப் போடுங்கள். இருந்தால் அதன்மேல் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். அந்த நொடியே விழ வேண்டும். விழாவிட்டால் அது அங்கே இருந்தும் பயனில்லை.

ஒரு எம்சிபி அடிக்கடி விழுகிறது என்று பழைய குடித்தனக்காரர் சொல்லியிருந்தால் காரணத்தைத் தேடுங்கள். அதற்குப் பதில் பெரிய அளவு எம்சிபியைப் போட்டுவிட்டுப் போகும் ஆளை நம்பாதீர்கள். சுவருக்குள் இருக்கும் ஒயர் அதே பழைய தடிமன்தான். இனி சூடேறி எரிவது ஒயராக இருக்கும்.

ஒவ்வொரு பிளக் பாயின்டிலும் எர்த் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கீசர், துவைக்கும் இயந்திரம், ஃபிரிட்ஜ் வைக்கும் இடங்களில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பிளக்கைச் செருகினால் தொளதொளவென்று ஆடும் பாயின்டையும், ஓரம் கருகியதையும், அழுத்தும்போது கிர்ர் என்று சத்தம் வரும் சுவிட்சையும் யோசிக்காமல் மாற்றுங்கள். பெட்டியில் எந்த எம்சிபி எந்த அறைக்கு என்று எழுதி ஒட்டிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை, ஆனால் அவசரத்தில் இருட்டில் நிற்பவருக்கு அது பெரிய உதவி.

கேஸ், புகை, தீ

சிலிண்டரோ குழாய்வழி கேஸோ, எதுவானாலும் ரப்பர் ட்யூபில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். காலாவதியாகியிருந்தால், விரிசல் தெரிந்தால் மாற்றுங்கள். கசிவைச் சோதிக்க சோப்புத் தண்ணீரை இணைப்புகளில் தடவுங்கள், குமிழ் வந்தால் கசிகிறது. தீக்குச்சியை எந்தக் காரணத்துக்காகவும் கொண்டுபோகாதீர்கள். சிலிண்டரில் வரும் எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். அதனால் சமையலறையில் தாழ்வான இடத்திலும் காற்று வெளியேற வழி இருக்க வேண்டும்.

குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தால் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை: வெளியே மாற்றுங்கள். கேஸ் சரியாக எரியாதபோது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கிறவர் மயங்கி விழும் வரை அவருக்கே தெரியாது.

புகை எச்சரிக்கைக் கருவி இருந்தால் பட்டனை அழுத்திப் பார்த்து, பின்பக்கம் இருக்கும் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். 10 வருடம் ஆகிவிட்டால் சத்தம் போட்டாலும் மாற்ற வேண்டியதுதான். இல்லாவிட்டால் படுக்கையறைகளுக்கு வெளியே கூரையில் ஒன்று பொருத்துங்கள். அப்புறம், வாசல் கதவு உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்க வேண்டும். புகை சூழ்ந்த வீட்டில் யாராலும் சாவியைத் தேட முடியாது.

சுவரும் ஓதமும்

சுவரில் கறை தெரிந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் கை வைக்காதீர்கள். இதற்கு ஒரு எளிய சோதனை: ஒரு முழம் அகலமுள்ள பிளாஸ்டிக் தாளை அந்த இடத்தில் வைத்து நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உட்பக்கம், அதாவது சுவரை ஒட்டிய பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. குழாய், கூரை, வெளிச்சுவர் விரிசல் என்று தேட வேண்டும். அறையைப் பார்த்த பக்கம் ஈரமாக இருந்தால் அறைக் காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. அதற்கு வேண்டியது காற்றோட்டம். குளியலறை, சமையலறைகளில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள்.

காரணத்தைச் சரிசெய்த பிறகு சுவரைக் காய விடுங்கள். அதற்குத்தான் பொறுமை வேண்டும். புதிதாகப் பூசிய சிமென்ட் பூச்சு நன்றாகக் காய நான்கு வாரமாவது ஆகும். ஒரு மாத வாடகை போகிறதே என்று அவசரப்பட்டால் அதே கொப்புளம் மறுபடி வரும். பூஞ்சைமேல் பெயின்ட் அடித்தால் அது உள்ளேயே வளரும். முதலில் தேய்த்துக் கழுவி உலர்த்த வேண்டும். ரொம்பப் பழைய வீடாக இருந்தால் அடியில் இருக்கும் பெயின்டில் ஈயம் கலந்திருக்கலாம். அதை உலரத் தேய்த்தால் தூளாகப் பறக்கும், குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தண்ணீர் தெளித்து நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், தூளை ஈரத் துணியால் துடைத்தெடுக்கச் சொல்லுங்கள்.

நிறத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். வெளிர் நிறம், துடைத்தால் போகும் வகை, எல்லா அறைக்கும் ஒன்றே. மீந்த பெயின்டை டப்பாவில் நிற எண்ணோடு எடுத்து வையுங்கள்.

பூட்டும் பூச்சியும்

பழைய குடித்தனக்காரர் எல்லாச் சாவியையும் திருப்பிக் கொடுத்திருக்கலாம். எத்தனை நகல் போட்டார், யாரிடம் கொடுத்தார் என்பது அவருக்கே நினைவிருக்காது. முழுப் பூட்டையும் மாற்ற வேண்டியதில்லை, பல பூட்டுகளில் நடுவில் இருக்கும் சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும். ஒவ்வொரு முறை குடித்தனம் மாறும்போதும் இதைச் செய்யுங்கள். பால்கனிக் கைப்பிடியையும் ஜன்னல் கம்பியையும் பிடித்து நன்றாக ஆட்டிப் பாருங்கள். கம்பிகளுக்கு நடுவே இடைவெளி 10 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் சிறு குழந்தை நுழைந்துவிடும். பல நாட்டுக் கட்டட விதிகளும் ஏறக்குறைய இதே அளவைத்தான் வைத்திருக்கின்றன.

பூச்சி மருந்தை வீடு காலியாக இருக்கும்போதே அடித்துவிட வேண்டும். கரப்பானுக்கு ஜெல் வைத்தால் அதன்மேலேயே ஸ்பிரே அடிக்காதீர்கள். ஸ்பிரேயின் வாடைக்குக் கரப்பான் ஜெல் பக்கம் வராது. மூட்டைப்பூச்சி இருந்தது என்று தெரிந்தால் ஒருமுறை மருந்தோடு நிறுத்தாதீர்கள். முட்டைகளை மருந்து பெரும்பாலும் தொடுவதில்லை, ஒன்றிரண்டு வாரத்தில் பொரித்துவிடும். அதனால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை அடிக்க வேண்டும். சாப்பாடு இல்லாமலே மூட்டைப்பூச்சி மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும், ஆகவே வீடு காலியாகக் கிடந்தது என்பதை நம்பி விட்டுவிடக் கூடாது.

சுத்தம்

ஆள் வைத்துச் செய்தாலும் நீங்கள் கூட இருங்கள். அலமாரியின் உள் மூலைகள், ஃபேன் இறக்கையின் மேல்பக்கம், எக்ஸாஸ்ட் ஃபேனில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு, சிங்கின் அடிப்பக்கம் ஆகியவை எல்லாரும் தவறவிடும் இடங்கள். வரப்போகிறவர் முதல் நாளே தன் துணியை அடுக்கப் போகும் இடம் அலமாரி. அங்கே அடுத்தவர் முடி கிடக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. டைல்ஸ் கறைக்கு ஆசிட்டும், கழிவறைக்கு பிளீச்சிங் பவுடரும் ஒரே நாளில் பயன்படுத்துவார்கள். இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. ஒன்றைப் பயன்படுத்தி நன்றாகக் கழுவிவிட்ட பிறகு, வேறொரு நாளில் மற்றதை எடுக்கச் சொல்லுங்கள்.

எழுதி வைப்பது

வாடகை ஒப்பந்தத்தின் சட்டம் இடத்துக்கு இடம் மாறும், அதை உள்ளூரில் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் வீட்டின் நிலையைப் பற்றிய பட்டியல் எங்கேயும் ஒன்றுதான், முன்பணத்தைத் திருப்பும் நாளில் வரும் சண்டையைத் தவிர்ப்பதும் அதுதான். ஒவ்வொரு அறையிலும் நான்கு மூலையிலிருந்தும் படம் எடுங்கள். ஏற்கெனவே இருக்கும் கீறல், உடைந்த டைல்ஸ், கறை ஆகியவற்றைக் கிட்டத்தில் எடுங்கள். அவற்றை மறைக்காமல் பட்டியலில் எழுதுவது குடியிருப்பவருக்குப் பாதுகாப்பு, உங்கள் பேச்சின்மேல் அவருக்கு நம்பிக்கையும் வரும். ஃபேன் எத்தனை, விளக்கு எத்தனை, சாவி எத்தனை, தண்ணீர் மீட்டரிலும் கரண்ட் மீட்டரிலும் அன்றைய எண் என்ன என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

புழங்கினால் தேயும் என்பதையும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடம் குடியிருந்த வீட்டில் பெயின்ட் மங்குவதும் தாழ்ப்பாள் தளர்வதும் சேதம் ஆகாது. சுவரில் ஓட்டை விழுந்தால், கதவு உடைந்தால் அது சேதம். இந்த வித்தியாசத்தை ஒப்பந்தத்திலேயே இரண்டு வரியில் எழுதிவிட்டால் பிற்காலத்தில் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

சாவி கொடுக்கும் நாள்

சாவியை வாசலில் நீட்டிவிட்டு வராதீர்கள். குடும்பத்தில் பெரியவர்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றிவாருங்கள். மெயின் வால்வை அவர்களையே ஒருமுறை திருப்பி மூடச் சொல்லுங்கள். ஆர்சிசிபி விழுந்தால் எப்படித் தூக்குவது, மறுபடி விழுந்தால் ஏன் தூக்கக் கூடாது என்று காட்டுங்கள். ப்ளம்பர், எலெக்ட்ரீசியன், உங்கள் எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். பழுது வந்தால் யார் செலவு, எத்தனை நாளில் சரியாகும் என்பதை அன்றே பேசிவிடுங்கள்.

அதன் பிறகு அது அவர்கள் வீடு. உங்களிடம் ஒரு சாவி இருந்தாலும் சொல்லாமல் போகாதீர்கள். ஒரு வாரம் கழித்து ஒரு போன் செய்யுங்கள். "ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று மொத்தமாகக் கேட்டால் பலர் சங்கடப்பட்டு இல்லை என்றுதான் சொல்வார்கள். "குளியலறைத் தண்ணீர் சரியா வடியுதா? ராத்திரி பிளஷ் டேங்க் சத்தம் கேக்குதா? கட்டில் பக்கத்துச் சுவர் காய்ஞ்சிருக்கா?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சொல்வதை அதே நோட்டில் எழுதிக்கொண்டு, அந்த வாரமே ஆளை அனுப்புங்கள்.